பொபுல்னியா

எழுத்துக்கு இருபது ரூபாய்.
கோட்டைக்குள் நாற்பத்தொரு பெயர்ப்பலகை:
மேலே சிங்களம், தமிழ்,
அடியில் சாய்வெழுத்தில் இலத்தீன்.
நீளமான பெயர்களை முதலில் எழுதினேன்,
வீட்டில் அரிசி முடிந்திருந்தது.

பெயரடை அங்கே பின்னால் வருகிறது.
குடும்பம் கோணேசர் மலையேறி முன்னே போக
செருப்புகளைத் தூக்கிக்கொண்டு
பின்னால் வரும் கடைசிப் பிள்ளை மாதிரி.

வேம்புக்கு இண்டிகா: இந்தியாவினுடைய.
வேம்பு மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.
எருக்குக்கு ஜைகான்டியா: இராட்சத.
மதிலோரம் நிற்பது என் முழங்கால் உயரம்.
கீழே டச்சுக்குடா மணலில் உருளும்
இராவணன் மீசைக்கு லிட்டோரியஸ்: கரைக்குரிய.
அவ்வளவுதான்.
பத்துத் தலைக்காரனின் மீசைக்கு
கச்சேரிப் பதிவேட்டில் விலாசம் மட்டும்.

அரசுக்கு ரெலிஜியோசஸ் என்று எழுதிவிட்டேன்.
ஃபைகஸ் என்று முடிந்தால் ஆண்தானே என்ற நினைப்பு.
பர்ஸானா மிஸ் ஸ்கூட்டரை நிறுத்திச் சிரித்தா.
"இலத்தீனில மரமெல்லாம் பொம்பிளை,
வால் எப்பிடி இருந்தாலும்.
கடைசி ரெண்டெழுத்தை அழிச்சு
ஒரு 'ஆ' போடுங்கோ."
ஓரெழுத்து நட்டம்.
தமிழில் மரம் அஃறிணை;
நல்ல என்ற சொல்
மனுசிக்கும் மரத்துக்கும் மாறாமல் நிற்கும்.

காவலில் நின்ற பொடியன் கேட்டான்,
அக்கா, அது என்ன அர்த்தம்?
பக்தியுள்ள, என்றேன்.
மரத்தை ஒருதரம் பார்த்தான்.
என்னை ஒருதரம்.

பூவரசில்தான் மாட்டிக்கொண்டேன்.
பொபுல்னியா: பொப்லார் போன்ற.
திருகோணமலையில் பொப்லாரைக் கண்டவர் யார்?
வராத ஒருத்தியின் சாயல் என்று
வாசலில் நிற்பவளுக்குப் பெயர்.

டுயிஸ்பேர்க்கில் இருக்கும் தம்பி கௌதீபன்
பஸ் தரிப்புக்குப் பின்னால் நின்ற ஒன்றைப்
படமெடுத்து அனுப்பினான்.
நெட்டை. மஞ்சள் பூ இல்லை.
இதுவா என்று கேட்டேன்.
குரல் பதிவு வந்தது, பின்னால் லொறிச் சத்தம்:
"இலை அப்பிடியேதான் அக்கா.
சுருட்டி ஊதிப் பாத்தனான், சத்தம் வரேல்ல.
பன்ரண்டு வருசமா நான் இதைப்
பூவரசு மாதிரி மரம் எண்டுதான் சொல்லுறன்."

அதற்கு இலத்தீனில் என்னவென்று
மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.

விடிய வந்து பார்த்தால்
ஈரப் பலகையில் புள்ளிமான் ஒன்று
கொம்பை உரசிவிட்டுப் போயிருக்கிறது.
பொபுல் வரைக்கும் தெளிவு,
மிச்சம் வெள்ளையாய் இழுபட்டுக் கிடக்கிறது.
கொம்பில் பெயின்ற்றோடு அது இப்போது
எந்தப் பீரங்கிக்குப் பின்னால் நின்று
பூவரசந் தளிர் மெல்லுகிறதோ.

திரும்ப எழுதினால் காசு தருவார்களா,
தெரியவில்லை.