ஐந்நூறு எழுத்துக்குள்

பதினான்காம் கேள்விக்குக் கீழே ஒரு பெட்டி.
குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா, உண்டெனில் விளக்குக.
இடைவெளியும் சேர்த்து ஐந்நூறு எழுத்து.
கிளினிக் மருந்து முகப்பில் கூட்டம் வடிந்த பிறகு
கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் சொன்னான்:
"எட்டு வருசம் ஆச்சு. அபராதமும் கட்டியாச்சு.
லாபிஸ்ல நடந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்?
இல்லைன்னு தட்டிட்டுப் போ."
இல்லை என்ற கட்டம் சின்னதாக இருக்கிறது,
அப்போதுதான் பிரித்த பஞ்சுபோல் சுத்தமாக.

பத்தொன்பது வயதில் மது அருந்தி வாகனம் ஓட்டினேன்.
மூன்று பீர் என்று சேர்த்தேன். அழித்தேன்.
எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை.
தவிர, மூன்றல்ல.

வண்டி அப்பாவின் பள்ளிக்கூட வேன்.
சீட்டுக்கடியில் ஒரு தண்ணீர்ப் போத்தல்
மோதி நின்ற பிறகும் உருண்டுகொண்டிருந்தது.
என்ஜின் அணைந்த இருட்டில் அது ஒன்றுதான் சத்தம்.
மூடியில் பெயர் ஒட்டியிருந்தது:
லோகமித்ரா, 2 அன்பு.

மோதியது தோட்டத்துப் பஸ் நிறுத்தத்தில்.
இரண்டு தூண், தகரக் கூரை, உட்காரப் பலகை.
இரவு பதினொன்று நாற்பது.

போலீஸ் நிலையத்துக்கு அப்பா கைலியோடு வந்தார்.
நான்தான் ஓட்டினேன் என்றார், தன் உடைந்த மலாயில்.
சார்ஜன் ஒன்றும் பேசாமல் குழாயை நீட்டினார்.
வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர்
கழுத்து நரம்பு புடைக்க, பிறந்தநாள் பலூன்போல ஊதினார்.
சுழியம்.
எனக்கு அறுபத்தொன்று.
அவர் இல்லை, நான், என்றேன்.
மலாயில் மூன்றே சொல்.
அன்றைக்கு யாரும் எழுத்து எண்ணவில்லை.

சிகாமட் கோர்ட். மூவாயிரம் வெள்ளி.
ஓராண்டு லைசென்ஸ் ரத்து.
வேனிலிருந்து நின்றுபோன பிள்ளைகள் பதினொன்று.
போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன்.
புதுசு வாங்கிட்டோம் என்றார் லோகமித்ராவின் அம்மா,
பாதிக் கதவுக்குப் பின்னாலிருந்து.

இதற்கெல்லாம் பெட்டியில் இடமில்லை.
நானூற்று முப்பதில் நிற்கிறேன்.
கடைசி வாக்கியம் பலமானது, அண்ணனே மெச்சியது:
இந்தச் சம்பவத்தில் யாருக்கும் பாதிப்பில்லை.

இன்று காலை ஒருவர் வந்தார், ராஜ்ஷாஹிக்காரர்,
செம்பனை முள் ஏறி வீங்கிய கையோடு.
மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று சொல்லிக்கொண்டே
இங்கே எத்தனை வருசம் என்று கேட்டேன்.
பத்து, என்றார்.
அப்படியானால் அந்தப் பஸ் நிறுத்தம் உடைந்தது...
ஆமாம் ஆமாம், ஏதோ லோரி இடித்ததாம்.
நவம்பர். சரியான மழை.
விடிகாலை ஐந்து நாற்பதுக்கு வேலை லோரி வரும்.
கூரை போடும்வரை ரெண்டு மாசம்
பதினாலு பேரும் உர மூட்டைச் சாக்கை
மண்டையில் போட்டுக்கொண்டு நின்றோம்.
சிரித்தார். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து
நெஞ்சில் சளி கட்டி ஊருக்கே போய்விட்டான்.
பெயர் சொன்னார். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.
திரும்பக் கேட்கவுமில்லை.
லோரி இல்லை, என்று நான் சொல்லியிருக்கலாம்.
அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையில்.

எட்டு வருசமும் நான் பயந்ததெல்லாம்
அந்த ஆறு மணி நேரத்துக்குத்தான்:
பதினொன்று நாற்பது, ஐந்து நாற்பது ஆகியிருந்தால்.
ஆகவில்லை என்ற நிம்மதியில்
தகரத்தைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

யாருக்கும் பாதிப்பில்லை.
பின்னிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிக்கிறேன்.
அந்த இடத்தில்:
பதினான்கு தொழிலாளர்கள் இரண்டு மாதம்
மழையில் நின்றார்கள். எனக்கு இன்றுதான் தெரியும்.

படிக்கிறவர்களுக்கு இது புரியுமா, தெரியாது.
எனக்கு ஆகாது என்று மட்டும் தெரிகிறது.
கொஞ்சம் எழுத்து மிச்சம் இருக்கிறது.
ஒரு பெயர் எழுதும் அளவுக்கு.

வியாழக்கிழமை அவர் கட்டு மாற்ற வருவார்.