நாலு ஆட்டம்

ரிமோட் என் கையில்.
அதனால்தான் இந்த அறையில் எனக்கொரு நாற்காலி.
வாக்கு கிடையாது.

கீழே ஐஸ் தளத்தைக் கழுவுகிறார்கள்.
இயந்திரத்தின் உறுமல் சுவரேறி வந்து
காபிக் கோப்பைகளில் வட்டம் போடுகிறது.
சஸ்காச்சுவனில் ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று,
லாரிகளை அணைக்காமலே நிறுத்தியிருக்கிறோம்.

"இன்னொரு தரம் போடு, வெர்னா."
போடுகிறேன்.
இருபத்திரண்டாம் எண், கீகன் வஸிலிஷன்,
மூலையில் சிக்கிய வட்டைக் கிளப்பக் குனிகிறான்.
ஏழாம் எண், டேரியன் ஃப்ரீஸன்,
நீலக்கோட்டிலிருந்து வருகிறான்.
தோள்.
தாடை.
கண்ணாடித் தடுப்பு அதிர்ந்து
அதன் பின்னால் யாருடையதோ பாப்கார்ன் சிந்துகிறது.

"தலையைக் குனிந்துகொண்டா ஆடுவது?"
என்கிறார் ஓரெஸ்ட்.
பதினான்கு வருடம் தடுப்பாட்டம் ஆடியவர்,
மூக்கு இரண்டு திசையில் போகும்.
"தோளுக்குப் போன அடி அது.
பையன்தான் உயரத்தைக் குறைத்துக்கொண்டான்.
இதற்கெல்லாம் தடை போட்டால்
நாளைக்கு ஸ்கேட் கட்டிக்கொண்டு நடனமாடச் சொல்வீர்கள்."

கொரின் மக்நாப் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
"குனிந்த தலை என்றால் யார் வேண்டுமானாலும்
எடுத்துக்கொள்ளலாமா?" என்கிறாள்.
"எலும்பு உடைந்திருந்தால் படம் பிடித்துக் காட்டிவிடுவேன்.
இது என் படத்தில் விழாது.
அதனால் நடக்கவில்லை என்பீர்கள்."

தலைக்கு வந்தது ஹெல்மெட்டோடு போகவில்லை.
ஹெல்மெட் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு கீறல்.
சனிக்கிழமை வேறொரு பையன் அதைப் போட்டு ஆடினான்.

மெதுவாக ஓட்டினால்
டேரியன் கொலைகாரன்.
முழங்கை விரிகிறது, ஸ்கேட் தரையை விட்டு எழுகிறது,
கண்கள் இடம் பார்த்து இறங்குகின்றன.
அசல் வேகத்தில்
இரண்டு பையன்கள் வழுக்கினார்கள், அவ்வளவுதான்.
நான் அழுத்தும் பொத்தான்தான் தீர்ப்பு.
இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால், இடது ஓரத்தில்,
ஊதா நிறக் கம்பளித் தொப்பி: அது நான்.
எழுந்து நிற்கிறேன். வாய் மெல்ல, மெல்லத் திறக்கிறது.
பயந்து கத்தினேன் என்றுதான்
வீட்டில் சொல்லியிருந்தேன்.
மெதுவான வேகத்தில் பார்த்தால்
அது சந்தோஷம்.

தலைவர் ஆன்டன் ஒரு கடிதத்தைப் பிரித்தார்.
கீகன் சொல்ல, தங்கை எழுதியது.
அவன் இன்னும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல்
ஜன்னலில் போர்வை கட்டிக் கிடக்கிறானாம்.
"டேரியன் மேல் எனக்குக் கோபமில்லை.
நானும் அடித்திருப்பேன்.
இறுதிச் சுற்று வருகிறது, அவனை உட்கார வைக்காதீர்கள்.
நானும் அடித்திருப்பேன்."
அந்த வரி இரண்டு முறை இருந்தது.
தங்கை திருத்தவில்லை.
சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தாள்.

"மன்னித்துவிட்டான், பாருங்கள்," என்றார் ஓரெஸ்ட்.
குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.
"எந்தத் தலையால் மன்னித்தான்?" என்றாள் கொரின்.
கீழே இயந்திரம் நின்றது.
அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.

ஓரெஸ்ட் பூஜ்யம் என்றார்.
கொரின் எட்டு என்றாள்.
ஆன்டன் கூட்டி வகுத்தார்.
நாலு ஆட்டம்.
அந்த அறையில் நாலு என்று நம்பியவர் ஒருவரும் இல்லை.
கையெழுத்துப் போட்டார்கள்.
ஓரெஸ்ட் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து
சட்டைப்பையில் குத்திக்கொண்டு போனார்.

நடைவழியில் டேரியன், அப்பாவின் கோட்டில்.
கை விரல்நுனி வரை நீண்டிருந்தது.
டையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.
எத்தனை ஆட்டம் என்று கேட்பான் என நினைத்தேன்.
"நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை," என்றான்.
"எனக்கு ஒருதரம் போட்டுக் காட்டுவீர்களா?"

ரிமோட் என் கையிலேயே இருந்தது.
எந்த வேகத்தில் என்று
அவன் சொல்லவில்லை.