வரைவு மூன்று

வார்விக் சந்திப்பு, டர்பன்.
மேம்பாலத்தின் பதினோராம் தூணடியில்
விடிகாலை நாலரைக்கு நிற்கிறேன்.
கையில் அமுக்கினால் எண் கூடும் சின்னக் கருவி.
படிவத்தில் நான்கே கட்டங்கள்:
ரயிலில் வந்தவர், பஸ்ஸில் வந்தவர்,
டாக்ஸி பிடிப்பவர், நடப்பவர்.

நகரத்தின் கொள்கை
யாரோ ஒருவனின் கட்டைவிரல் வலியில் தொடங்குகிறது.

உம்லாசி ரயில் மொத்தமாய்க் கொட்டுகிறது.
டிக். டிக். டிக்.
ஒரு டிக்கின் தலையில் கோழிக்கூண்டு.
ஒரு டிக்குக்குப் பள்ளிச் சீருடை, ஒற்றைக் காலுறை.
ஒரு டிக் என்மேல் இடித்துவிட்டு
மன்னிப்புக் கேட்கிறது.

ஆறு மணிக்குள் ஏழாயிரத்துச் சொச்சம்.
சந்தைக் கூரையின் கீழ்
கறிவேப்பிலைக் கட்டுப் போட்டபடி
கோகிலம் நாயக்கர் கேட்கிறாள்:
"என்ன எந்தக் கட்டத்துல போட்டே?"
நான் வருமுன்பே வந்தவள்,
இருட்டிய பின் போகிறவள்,
நடுவில் எங்கும் போகாதவள்.
நிற்பவர்க்குக் கட்டமில்லை.

மபாசோ தள்ளுவண்டியோடு
ஒரு நாளில் அறுபது முறை என்னைக் கடக்கிறான்.
அறுபது பேராக எண்ணினேன்.
அலுவலகத்தில் பாராட்டினார்கள்:
"நல்ல நடமாட்டம்."

மார்ச்சில் வரைபடம் வந்தது.
பச்சை வட்டம் மரம்.
வெளிர் ஊதா, கலப்புப் பயன்பாடு.
புள்ளிக்கோடு, பின்னர் முடிவு செய்யப்படும்.
புள்ளிக்கோட்டுக்குள் முந்நூறு கடைகள்
அன்றைய தக்காளியை விற்றுக்கொண்டிருந்தன.

கொள்கை ஏழு: தடையற்ற நடைபாதை.
கொள்கை ஒன்பது: இடத்தின் பண்பைக் காத்தல்.
இரண்டும் ஒரே சதுர மீட்டரில் முட்டிக்கொண்டன.
நடுவில் எட்டு, கழிவறை பற்றியது.
அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்,
போன திட்டத்திலும்,
அதற்கு முந்தியதிலும்.

கருத்துக் கேட்பு நாள்.
நாற்காலி போட என்னையும் கூப்பிட்டார்கள்.
ஆறிய சமோசா, ஒலிவாங்கியின் கீச்சு.
பீப்பாயில் மக்காச்சோளம் வேகவைக்கும் தோகோசிலே
வரைபடத்தில் தன் அடுப்பைத் தேடினாள்.
அடுப்பிருந்த இடத்தில் மரம் நின்றது.
கோபப்படவில்லை, கேட்டாள்:
"காலை பத்து மணிக்கு
இதன் நிழல் எந்தப் பக்கம் விழும்?"

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார்.
இங்கே சூரியன் வடக்கே சாய்ந்துதான் நடக்கும்.
நிழல் தென்மேற்கே.
தென்மேற்கே மேம்பாலம்.
"நிழலுக்கு எதற்கு நிழல்?" என்றாள்.
கரி படிந்த கட்டைவிரலை மரத்தின்மேல் வைத்து
அழுத்தி இழுத்தாள்,
வெயிலில் பஸ்ஸுக்கு வரிசை நிற்கும் இடம்வரை.

வரைவு இரண்டில்
கறையும் ஸ்கேனாகி வந்துவிட்டது.
குறிவிளக்கத்தில் அது இல்லை.
பொறியாளர் கடிதம் எழுதினார்:
குளமா? பள்ளமா? பாரம்பரியச் சின்னமா?
சட்டப் பிரிவு கேட்டது: உரிமையாளர் யார்?
கடிதம் மாடி மாடியாய் இறங்கி
கடைசியில் நாற்காலி போட்டவனிடம் வந்தது.

கைநாட்டு, என்று எழுதினேன்.
கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களும்
இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள்;
அன்று யாரும் இதன் பொருள் என்னவென்று
கடிதம் போட்டுக் கேட்கவில்லை.
இந்த இரண்டு வரியை எழுதி அடித்தேன்.
கைநாட்டு என்பதை மட்டும் விட்டேன்.

வரைவு மூன்று.
மரம் ஒன்பது மீட்டர் நகர்ந்திருக்கிறது.
அடுப்பு இருந்த இடம் வெள்ளை.
வெள்ளைக்கும் குறிவிளக்கத்தில் பொருளில்லை.
தோகோசிலே அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு
இன்னொரு பீப்பாய் வாங்கிவிட்டாள்.
கன்றுக்கு நிதி அடுத்த ஆண்டாம்.

மறு கணக்கெடுப்பு. மணி நாலரை.
புதுப் படிவம், அதே நான்கு கட்டம்.
ஓரத்தில் பேனாவால் ஐந்தாவது ஒன்று கிழித்து
கோகிலத்தை உள்ளே உட்காரவைத்தேன்.
அலுவலகம் அதை வெட்டலாம்,
ஓரம்தானே.

முள்ளங்கி மூட்டைகளோடு மபாசோ
வண்டியை நிறுத்தாமலே கேட்டுப் போகிறான்:
"இன்றைக்கு நான் எத்தனை பேர்?"

இதுவரை பன்னிரண்டு.