நாலு புள்ளி ஒன்பது

கிண்டியில் பதினோராவது மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.
இந்தப் பக்கம் மூன்று பேர்,
என் மார்க் ஷீட்,
மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்.

"முதல் செமஸ்டர் நாலு புள்ளி ஒன்பது.
என்ன ஆச்சு?"

கேட்டவர் பேனாவை மூடி வைத்தார்.
ஒரு சாவுக்கு இடம் விடுகிறார்.
தண்டையார்பேட்டை என்று பார்த்ததுமே
பாதிக் கதையை எழுதி முடித்திருப்பார்.
மீதியை நான் சொல்ல வேண்டும்,
அவர் மெதுவாகத் தலையசைக்க வேண்டும்.

வெள்ளம் வந்தது, சார்.
அது ஐந்தாவது செமஸ்டர்.
முழங்கால் தண்ணீரில் போய் எழுதி
எட்டு புள்ளி இரண்டு.
அப்பா குடிப்பதில்லை.
ஹார்பரில் கன்டெய்னர் சீல் சரிபார்க்கிறார்,
நைட் ஷிஃப்டுக்கு எலுமிச்சை சாதம் கொண்டுபோகிறார்.

நடந்தது ரொம்பச் சின்னது.
பன்னிரண்டு வரை தேய்மானம் என்று படித்தேன்.
கல்லூரியில் மேடம் வந்து டிப்ரிசியேஷன் என்றார்.
எல்லோரும் எழுதினார்கள்.
நானும் எழுதினேன், எழுத்துப் பிழையோடு.
இரண்டும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம்.
அன்றைக்குக் கேட்கவில்லை,
மறுநாள் கேட்க வெட்கம்,
தீபாவளி வந்தபோது
கேட்க முடியாத தூரத்தில் இருந்தது பாடம்.
மூன்று அரியர்.
வீட்டில் ஒன்று என்றேன்.

இதைத்தான் சொன்னேன்.
"புரியலை சார். கேட்கவும் இல்லை."

ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

ஆறு செமஸ்டரையும் கூட்டி வகுத்தால்
ஆறு புள்ளி ஒன்பது ஏழு.
ஏழுக்குக் கீழே போட்டால்
சப்மிட் பட்டன் சாம்பல் நிறமாகவே நிற்கும்.
எத்தனை கம்பெனி, எத்தனை சாம்பல்.
அந்த மூன்று நூறில் ஒரு பங்கை
எங்கே போய்க் கடன் வாங்குவது?

கடன் என்றால் எனக்கு லூர்து அக்கா.
காசிமேட்டில் தண்டல் விடுகிறவள்.
இரண்டாம் வருட லீவில் அவள் நோட்டை எழுத உட்கார்ந்தேன்.
பத்தாயிரம் என்று பெயர்,
கையில் எட்டாயிரத்து ஐந்நூறு,
நாளுக்கு நூறு, நூறு நாள்.
ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுப் பார்த்தேன்:
வருடத்துக்கு நூற்றிருபத்தொரு சதவீதம்.
இட்லிக்கடை தேசம்மா ஞாயிறு தவறுவாள்,
திங்கள் இருநூறாகக் கட்டுவாள்.
ஐஸ் வண்டி எத்திராஜ்
தடைக்காலம் முடியும்வரை கண்ணிலேயே படமாட்டார்,
முடிந்த வாரமே மொத்தமாகத் தருவார்.
கேட்பதற்கு முன்னால்
சிரித்துக்கொண்டே கட்டுகிறவன்தான்
ஒருநாள் பூட்டிக்கொண்டு போய்விடுவான்;
அது இன்னொரு தண்டலில் வாங்கிய பணம்.

பெயர்களை எடுத்துவிட்டேன்.
நாற்பத்தோரு பேர், எண் மட்டும்.
யார் தவறுவார்கள், எந்த வாரத்தில், ஏன்,
எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு
அறுபத்துமூன்று பேருக்கு அனுப்பினேன்.
ஒருவர் ஒரு வரி எழுதினார்:
செவ்வாய் பதினொரு மணிக்கு வாருங்கள்.

பேனாவை மூடியவர் அவர்தான்.
இப்போது திறந்தார்.
"பதினேழாம் நம்பர் ஆள் இப்போ எங்கே?"
"ஆந்திரா சார். நெல்லூர்னு கேள்வி."
மூன்று பேரும் சிரித்தார்கள்.
நான் தண்ணீர் குடித்தேன்.

வியாழக்கிழமை மெயில்.
கடன் ஆய்வுப் பிரிவு, ட்ரெய்னி,
ஆறு மாதம் பார்ப்பார்களாம்.

லூர்து அக்கா வலைக்கூடத்துப் படியில்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
சொன்னதும் முதலில் கேட்டது,
"அப்போ நோட்ட யாரு எழுதுவா?"
அப்புறம்,
"இன்னா வட்டிக்கு வுட்றாங்கோ உங்க ஆபீஸ்ல?"
பன்னிரண்டு என்றேன்.
"மாசத்துக்கா?"
"வருசத்துக்கு."

சில்லறை மடியில் கொட்டச் சிரித்தாள்.
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
"அத்த வச்சி
உனுக்கு எப்டிடி சம்பளம் குடுப்பாங்கோ?"

எனக்கும் தெரியவில்லை.
திங்கட்கிழமை,
முதல் நாளே,
கேட்டுவிட வேண்டும்.