பதினாறரைச் சுற்று

மூன்று தவணை பாக்கி என்று
மாதப்பன் பைக்கில் வந்து இறங்கியபோது
வண்டி ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்தது.
நல்லம்பள்ளி, எடைமேடைக்கு எதிரே.
சாவியை நீட்டினேன்.
"சேலம் யார்டுக்கா?"
"ஆமாக்கா."
"தொப்பூர் வழியா?"
வேறெந்த வழி இருக்கிறது.
நீட்டிய சாவியை நான் விடவில்லை.

பத்து நாளாய் ஒரு சத்தம்.
ஓம்னியில் முன்சக்கரம் நம் தொடைக்கடியில் ஓடுகிறது,
அதன் வியாதி காதுக்கு முன் இடுப்புக்குத் தெரியும்.
வேகத்தடையில் ஒரு டொக்.
பாலக்கோட்டில் தக்காளி ஏற்றினால் டொக் டொக்.
வெறும் வண்டியாய்த் திரும்பினால்
தகரப்பெட்டிக்குள் பாக்குவெட்டி உருளுவது போல.
ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை திருப்பியும்
சக்கரம் யோசித்துக்கொண்டிருக்கும்.

காற்று கம்மி என்றான் பெட்ரோல் பங்குப் பையன்.
அலைன்மெண்ட் போட்டால் சரியாகிவிடும் என்றது
கம்ப்யூட்டர் வைத்த கடை.
ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு
வரிசை சரிசெய்வார்களா யாராவது?
டயரைத் தடவிப் பார்த்திருந்தேன்:
வெளியிலிருந்து உள்ளே வழவழப்பு,
உள்ளிருந்து வெளியே அரம்.

"ஏறி உக்காருங்க.
இன்ஜின் வேணாம்.
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்
ஆட்டிக்கிட்டே இருங்க."
வண்டியைத் தூக்க வந்த மனுஷன்
தூக்குகிற தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு
ஆட்டினார்.
சாக்கை விரித்து நான் கீழே போனேன்.

ரேக்கின் மேல் கை வைத்தேன். சும்மா இருந்தது.
வலப்பக்க மூட்டு சொன்னபடி திரும்பியது.
இடப்பக்கம்
தண்டு முதலில் நகர்ந்தது,
சக்கரம் அப்புறம்தான்.
நடுவில் ஓர் இடைவெளி,
நாலாம் தேதி கட்டிடறேன் என்பதற்கும்
நாலாம் தேதிக்கும் நடுவே இருப்பது மாதிரி.

ஜாக்கி வைத்துத் தூக்கி
மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை.
பேரிங்கின் மேல், பால் ஜாயிண்டின் மேல் பழி இல்லை.
இடவலமாய் ஆட்டினேன்.
டொக்.
"இதானா?" என்றார்.
சீட்டிலிருந்தே அவருக்கும் கேட்டுவிட்டது.

தவணைக்கென்று முடிந்து வைத்ததில்
நானூற்று இருபது எடுத்துக் கொடுத்தேன்.
தருமபுரி போய் டைராடு எண்டு வாங்கிவந்தவர் அவர்தான்.
மறக்காமல் பில்லும்.

லாக் நட்டைத் தளர்த்திப்
பழையதைக் கழற்றும்போது எண்ணினேன்.
எத்தனை சுற்றில் வெளியே வந்ததோ
புதியதும் அத்தனை சுற்று உள்ளே போகணும்.
கூடினாலும் குறைந்தாலும்
சக்கரம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.
பதினாலு, பதினஞ்சு,
"வண்டிதான் போகப்போகுதே, எதுக்குக்கா இதெல்லாம்?"
"பேசாதீங்க, எண்ணிக்கை போயிடும்."
பதினாறு. அரை.

எடைமேடை வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார்.
"ஸ்டியரிங் கோணலா நிக்குது.
ஆனா வண்டி நேராத்தான் போகுது."
"அதுக்குத்தான் இப்ப அலைன்மெண்ட்.
இன்னிக்கு இறக்கத்துல நாற்பதைத் தாண்டாதீங்க."

தாளில் 'நிலை' என்று ஒரு கட்டம்.
கண்ணாடி: விரிசல். சீட்டு: கிழிசல்.
ஸ்டியரிங்குக்கு நேரே பேனாவை வைத்து
ரொம்ப நேரம் நின்றார்.
நன்று, என்று எழுதினார்.
கீழே பெருமா என்று கையெழுத்துப் போட்டேன்.

பாலத்தடியில் திரும்பும் வரை காது கொடுத்தேன்.
ஒன்றும் இல்லை.
பழைய மூட்டு உள்ளங்கையில் கிடந்தது,
எந்தப் பக்கம் சாய்த்தாலும் சாய்ந்தபடி.

அவர் பைக் இங்கேயே நிற்கிறது.
எடுக்க வந்துதானே ஆகணும்.
முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு
ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன்.

டொக்.