கள வெற்றுத்தாள்

நாற்பத்தேழு மில்லிமீட்டர் வட்டம்.
இடுக்கியால்தான் தொட வேண்டும்,
விரல் பட்டால்
விரலின் எண்ணெயும் கணக்கில் ஏறிவிடும்.
ஒரு நாள் முழுக்கக் குளிர் அறையில் கிடத்தி
மூன்று முறை எடை பார்த்து
டப்பாவில் பென்சிலால் எண் எழுதி
எண்ணூர் பஸ்ஸில் ஏறினேன்.
மடியிலிருந்த பம்பைப் பார்த்து
"மிக்சியா? லக்கேஜ் போடணுமே" என்றார் கண்டக்டர்.

எர்ணாவூரில் தேசம்மா வீட்டு மாடி.
காய்ந்துகொண்டிருந்த வாளைக் கருவாட்டைத் தள்ளிவிட்டு
இடம் கொடுத்தாள்.
"இன்னா வச்சிகினு கீற?"
காத்தை எடை போடப் போறேன்க்கா.
"கிலோ எவ்ளோன்னு போவுது?"
சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
இருமலை நான் குறிக்கவில்லை.
அந்தக் கேள்வி ஒன்பதாவது,
நாங்கள் இன்னும் இரண்டில் இருந்தோம்.

'கடந்த பன்னிரண்டு மாதங்களில்
மூச்சு விடும்போது
விசில் போன்ற ஓசை கேட்டதுண்டா?'
"எந்தக் கம்பெனி விசிலு?
உரக் கம்பெனி சங்கா, மணலி சங்கா?"
இழுப்பு என்று ஒரு சொல் போதும்.
ஆனால் நெறிமுறைக் குழு
முத்திரை குத்திய தாளில் அந்தச் சொல் இல்லை.
எழுதியிருப்பதை எழுதியபடி வாசிக்க வேண்டும்.
இன்னொரு முறை வாசித்தேன்.
"அதான் கேக்குறேன், எந்த விசிலு?"

முதல் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது.
மாடியிலிருந்து பார்த்தால்
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி
உச்சியில் சிவப்பு விளக்கோடு.
அதன் காலடியில் என் பம்ப் நின்றுபோய்
பத்து மணி நேரக் காற்றோடு கிடந்தது.
இருபது வேண்டும்.
அந்த இரவு செல்லாது என்று எழுதினேன்.

"ஒப்பீட்டுக்கு ஓர் இடம் பார்" என்றார் வசுமதி மேடம்.
இதே வருமானம், இதே வயது, இதே ஓட்டு வீடு.
காற்று மட்டும் வேறாக இருக்க வேண்டும்.
தெற்கே ஆறு நாள் அலைந்தேன்.
நல்ல காற்று இருந்த தெருவிலெல்லாம்
வாடகை இடித்தது.

எங்கள் வீடு தேசம்மாவிடமிருந்து நான்கு தெரு.
ஆய்வாளர் குடும்பத்தைச் சேர்க்கக் கூடாது.
தம்பி மதன்ராஜ் இரவெல்லாம் இழுத்துக்கொண்டு கிடந்தான்,
எந்த எண்ணும் இல்லாமல்.
அவன் முதுகைத் தடவிக்கொண்டே
மறு கையால் மாதிரி அளவுச் சூத்திரம் படித்தேன்.

வெற்றுத்தாள் என்று ஒன்று உண்டு.
மற்ற தாள்கள் போகும் இடமெல்லாம் கூடவே போகும்.
டப்பாவைத் திறப்போம், உடனே மூடுவோம்.
காற்றை உறிஞ்ச விடமாட்டோம்.
அதன் எடை மாறக் கூடாது.
மாறினால்
கையோ பையோ வந்த வழியோ, தப்பு அங்கே.

பன்னிரண்டு வெற்றுத்தாளில் ஒன்பது ஏறியிருந்தன.
கொஞ்சம்தான்.
ஓர் உப்புக்கல்லை நுணுக்கி
அதில் ஒரு துணுக்கு.

"ராத்திரி எங்கே வைத்தாய்?"
வீட்டில், மேடம். பீரோவுக்குள், துணி சுற்றி.
தராசின் கண்ணாடிக் கதவை
அவர் மெதுவாகச் சாத்தினார்.
"சராசரி எடுத்து எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடு.
அதுதான் முறை."

கழித்தேன்.
என் வீட்டைக் கழித்த பிறகும்
தேசம்மா வீட்டு மாடியில் மிச்சம் இருந்தது,
பட்டம் வாங்கப் போதுமான அளவு.

முடிவைச் சொல்ல மறுபடி போனேன்.
கருவாட்டின் மேல் படிந்த சாம்பலை
முந்தானையால் தட்டித் தட்டி
ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.
கனமீட்டர் என்று ஆரம்பித்தேன்.
"அத வுடு" என்றாள்.
"உன் ஊட்ல வச்சியா மிசினு?"

வைக்கலக்கா என்றேன்.
அது உண்மைதான்.
பீரோ ஞாபகம் வந்தது.