படிவம் எண் ஏழு

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த தாளில்
பதினொரு கட்டங்கள்.
ஊரின் பெயர்: வடகரைக்கோட்டை.
இது எளிது.
வரலாற்றுச் சின்னம்: கோட்டை.
இதுவும் எளிது, பெயரிலேயே இருக்கிறது.
அமைவிடம் என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

பாளையக்காரர் தோற்ற வருஷம்
கும்பினிக்காரன் கோட்டையை இடிக்கச் சொன்னான்.
இடித்தவர்களுக்குக் கூலி நெல்.
கல்லை என்ன செய்ய என்று
அவன் சொல்லவில்லை.

சொல்லாததை ஊர் செய்தது.
வாய்க்கால் மதகுக்கு நாற்பது,
மாதா கோயில் படிக்கு ஒன்பது,
பள்ளிவாசல் ஹவுளுக்குச் சுற்றுக்கல்,
சுடலைமாடன் பீடத்துக்கு, யாரையும் கேட்காமல், ஒன்று.
மீதியெல்லாம் துவைகல்.
எங்கள் வீட்டுக் கல்லில்
பீரங்கிக் குண்டு பட்ட பள்ளம் என்பார்கள்.
சோப்பு வைக்கத் தோது.

சென்ற ஆண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள்: 1.
அவரும் வந்தவர் அல்ல,
பாபநாசம் பஸ் பஞ்சராகி இறக்கிவிடப்பட்டவர்.
போலந்து என்றார்.
டீக்கடை லூர்துராஜ் அதை ஹாலந்து என்று கேட்டு
கொஞ்ச நேரம் மாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.
பார்க்க என்ன இருக்கிறது இங்கே என்றதற்கு
எல்லாரும் சேர்ந்து
குற்றாலத்துக்கு வழி சொன்னோம்.

அவர் போகவில்லை.
மதகின் மேல் குனிந்து
உளித் தடத்தைத் தொட்டுப் பார்த்தார்.
பிறகு போனில் ஒரு படம்:
புல்மேடு, நாலு வாத்து.
எங்கள் ஊர்க் கோட்டை என்றார்.
எங்கே?
வாத்துகளுக்குப் பின்னால் நின்ற வீடுகளின் அடிச்சுவரை
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.
ஸ்வீடன்காரன் எரித்தானாம்.
எரியாததை ஊர்க்காரர் எடுத்தார்களாம்.
அவர் அம்மையின் கோழிக்கூட்டில்
அரண்மனை ஜன்னலின் வளைவு ஒன்று.
சிரித்தோம்,
களவாணி இரண்டு பேர்
சந்தையில் ஒருவரையொருவர் கண்டுகொண்டதுபோல.

அன்று ராத்திரி நிரப்பினேன்.
அமைவிடம்: முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
ஒரு மதகு, மூன்று வழிபாட்டிடம்.
பார்வை நேரம்: துணி துவைக்காத நேரம்.
நுழைவுக் கட்டணம்: இல்லை. நாய் உண்டு.
கழிப்பறை வசதி:
இதற்கு மட்டும் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பத்தாம் நாள் திரும்பி வந்தது, சிவப்பு மையோடு.
ஒரே இடமாகக் குறிப்பிடவும்.
புகைப்படம் இணைக்கவும்.
எஸ்தர் பாக்கியம் மேடம்
என்னைப் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக் கல்லைப் படம் எடுக்கப் போனேன்.
மதினி ஜமுக்காளத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.
"தள்ளி நில்லும், தெறிக்கும்."
தெறித்தது.
படத்தில் விழுந்தது நுரைதான்.
நுரைக்கு அடியில் கோட்டை என்று
ஓரத்தில் எழுதலாமா என யோசித்து
பசையை மட்டும் தடவினேன்.